நாளுக்கோர் உறை: ஷிகி என்னும் ஆசிரியர்

ஹைக்கூவை விரும்பிப் படிக்கும் தமிழன்பர்களுக்குப் பாஷோ, பூஸன், இஸ்ஸா, ஷிகி என்னும் நான்கு பெயர்களும் மனப்பாடம். மகாகவி பாரதியார் 1916ஆம் ஆண்டு 'சுதேசமித்திர'னில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதி, அந்தச் சிறு வடிவத்தின் சுருக்கத்தைத் தமிழர்க்கு அறிமுகம் செய்தார். 1984ஆம் ஆண்டு முதல் தமிழிலேயே ஹைக்கூத் தொகுப்புகள் வெளிவரத் தொடங்கின. அவற்றின் முன்னுரைகளிலும் மேடைப் பேச்சுகளிலும் இந்நால்வரின் பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆயினும் நால்வருள் இறுதியாக நிற்கும் ஷிகியை நாம் அறிந்தது கவிஞராக மட்டுமே. அவர் ஓர் ஆசிரியர். வகுப்பறை இல்லாத ஆசிரியர். வாழ்வின் கடைசி ஆண்டுகளில் எழுந்து நிற்கவும் இயலாத ஆசிரியர். அன்றன்று கண்டதை அன்றன்றே எழுதுங்கள் என்று தம் மாணவர்களையும் முகமறியா வாசகர்களையும் பழக்கி, ஒரு நாட்டின் கவிதையையும் உரைநடையையும் திசை திருப்பியவர். பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்திகள் பல அவர் வாழ்வில் உள்ளன.

இளமை

மசவோகா ஷிகி 1867ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள், ஷிகோகு தீவிலுள்ள மாட்சுயாமா நகரில் பிறந்தார். இயற்பெயர் ட்சுனெநோரி. தந்தையார் தாழ்ந்த நிலைச் சாமுராய் வீரர், குடிப்பழக்கம் உடையவர். 1872இல் அவர் மறைந்தபோது பிள்ளைக்கு ஐந்து வயதும் நிரம்பவில்லை. தாயார் யாயே தையல் வேலை கற்பித்து மகனையும், ரிட்சு என்னும் மகளையும் வளர்த்தார். தாய்வழிப் பாட்டனார் ஒஹாரா கன்சான் கன்பூசிய நெறியில் ஊறிய பேரறிஞர். மேலைநாட்டு வழக்கங்களை வெறுத்துக் குடுமியைக் களைய மறுத்தவர். அவரிடம் சிறுவன் சீனச் செவ்விலக்கியங்களைப் பாடம் கேட்டான். 1875இல் பாட்டனாரும் மறைந்தார்.

பள்ளிப் பருவத்திலேயே ஷிகி கையெழுத்து இதழ்கள் நடத்தித் தோழர்களிடையே சுற்றுக்கு விட்டார். நம் ஊர்களில் எத்தனையோ எழுத்தாளர்கள் தொடங்கிய வழியும் அதுதானே! 1883இல் தலைநகர் தோக்கியோவுக்குச் சென்றார். பேஸ்பால் என்னும் புதிய ஆட்டத்தில் பெரும் பற்றுக் கொண்டார். அதன் சொற்கள் சிலவற்றை ஜப்பானிய மொழியில் ஆக்கியும் தந்தார். 2002ஆம் ஆண்டு ஜப்பானியப் பேஸ்பால் புகழ் மன்றம் அவர் பெயரைச் சேர்த்துக்கொண்டது பலருக்கும் வியப்பளிக்கலாம். 1884 முதல் 1892 வரை, மாணவப் பருவம் முழுவதும், கண்டது கேட்டது எண்ணியது அனைத்தையும் ஓர் ஏட்டில் குறித்துவந்தார். பிற்காலத்தில் மாணவர்களிடம் அவர் வேண்டிய பழக்கம் அவரிடம் அப்போதே வேரூன்றியிருந்தது.

குருதியும் குயிலும்

1889ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் இருமியபோது குருதி வந்தது. காசநோய். அக்காலத்தில் அது மரண ஓலை. ஜப்பானில் 'ஹொதொதொகிசு' எனப்படும் குயிலினப் பறவை ஒன்று உண்டு. குருதி கக்கும் வரை பாடும் என்பது அதைப் பற்றிய பழைய நம்பிக்கை. அப்பறவையைக் குறிக்கும் சீனவழிச் சொற்களுள் ஒன்றே 'ஷிகி'. இருபத்திரண்டு வயதும் நிரம்பாத அந்த இளைஞர் அதையே தம் புனைபெயராகக் கொண்டார்.

பல்கலைக்கழகப் படிப்பில் அவர் மனம் நிலைக்கவில்லை. 1892இல் தேர்வில் தோற்று வெளியேறினார். அவ்வாண்டு இறுதியில் குகா கட்சுனான் நடத்திய 'நிப்பொன்' நாளிதழில் பணியில் சேர்ந்தார். தாயும் தங்கையும் மாட்சுயாமாவை விட்டு வந்து தோக்கியோவின் நெகிஷிப் பகுதியில் அவருடன் குடியேறினர். அந்தச் சிறு வீடே பின்னாளில் ஒரு பெரிய பள்ளியாயிற்று.

'திங்கள் முறை'

அன்றைய ஜப்பானில் ஹைக்கூவுக்குப் பஞ்சமில்லை, ஆசிரியர்களுக்கும் பஞ்சமில்லை. திங்கள்தோறும் கூட்டம் கூடும். ஆசிரியர் தலைப்புத் தருவார். மாணவர்கள் வீட்டிலிருந்தபடியே பாடல் புனைந்து கொணர்வர். ஆசிரியர் மதிப்பெண் இடுவார். சிறந்தவற்றுக்குப் பரிசும் உண்டு. பனியைக் கண்டறியாதவர் பனியைப் பாடினார். குயிலைக் கேட்டறியாதவர் குயிலைப் பாடினார். பழைய பாடல்களிலிருந்து உவமையும் சிலேடையும் எடுத்து மாற்றி அடுக்கினால் புதிய பாடல் ஆகிவிடும். இத்தகைய பாடல்களை ஷிகி 'ட்சுகினாமி' என்று இகழ்ந்தார். 'திங்கள்தோறும் நிகழ்வது' என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். அவர் எழுதிய எழுத்தின் வலிமையால், 'சலித்துப்போன பழம்போக்கு' என்னும் பொருளும் அச்சொல்லுக்கு ஜப்பானிய மொழியில் நிலைத்துவிட்டது.

திங்கள்தோறும் கூடும் நம்மைப் போன்ற வட்டங்கள் இவ்விடத்தில் சற்று நின்று எண்ணுவது நல்லது. கூட்டம் கூடுவதை ஷிகி வெறுக்கவில்லை. அவர் வீட்டிலும் கூட்டங்கள் நடந்தன. இரு கூட்டங்களுக்கு இடைப்பட்ட நாள்களில் கண்ணைத் திறவாமல் இருப்பதையே அவர் வெறுத்தார்.

1893இல் பாஷோவைப் பற்றி எழுதிய கட்டுரைத் தொடரில், தெய்வமாகவே வழிபடப்பட்ட அப்பெருங்கவிஞரின் பாடல்களுள் பெரும்பகுதி சிறப்பற்றவை என்று துணிந்து கூறினார். பாஷோவின் உயர்ந்த பாடல்களை அவர் போற்றாமலில்லை; ஆராயாமல் வணங்குவதைத்தான் எதிர்த்தார். தொடர்ச் செய்யுளின் முதலடியாக வழங்கிவந்த பகுதியைத் தனிக் கவிதையாக நிலைநிறுத்தி, 'ஹைக்கூ' என்னும் பெயரைப் பரவச் செய்தவரும் அவரே. நம் நாவில் இன்று புழங்கும் அப்பெயர் அவ்வழி வந்தது.

பார்த்து எழுதுதல்

நாகமுரா ஃபுசெட்சு என்னும் ஓவியர் ஷிகியின் நண்பர். மேலைநாட்டு முறையில் பயின்ற அவர், பழைய ஓவியங்களைப் பார்த்து வரையாமல், எதிரே உள்ள பொருளைப் பார்த்து வரைபவர். அவரோடு பழகியதால் ஷிகியின் உள்ளத்தில் ஒரு கொள்கை உருப்பெற்றது. அதற்கு அவர் சூட்டிய பெயர் 'ஷசெய்'. உயிருள்ளதை உள்ளவாறே தீட்டுதல்.

மாணவர்க்கு அவர் சொன்ன வழிமுறை மிக எளியது. வெளியே செல்லுங்கள். பெரிய காட்சி உங்களைத் திகைக்க வைத்தால் அதனோடு போராடாதீர்கள். குனிந்து காலடியில் உள்ள புல்லையும் பூவையும் பாருங்கள். ஒரு பாடல் கிடைத்தவுடன் வீடு திரும்பிவிடாமல் அவ்விடத்திலேயே பத்தும் இருபதும் எழுதுங்கள். அவர் அறிவுரையின் சாரம் இவ்வளவே. இதில் மறைபொருள் எதுவுமில்லை. உழைப்பு மட்டும் உண்டு. எழுதுவதற்குப் பொருள் இல்லையே என்று தயங்கும் மாணவனிடம், பொருள் உன் காலடியிலேயே இருக்கிறது என்று காட்டியதுதான் அவர் ஆசிரியத்தின் தனிச் சிறப்பு.

ஐம்பத்திரண்டு நாள்கள்

1895இல் சீன-ஜப்பானியப் போர் நடந்தபோது, உடல்நிலையைப் பொருட்படுத்தாமல் போர்ச் செய்தியாளராகக் கடல் கடந்தார். அவர் போய்ச் சேர்ந்த வேளையில் சமாதான உடன்படிக்கை முடிவாகிக்கொண்டிருந்தது. திரும்பும் கப்பலில் மீண்டும் குருதி கக்கினார். கோபெ நகர மருத்துவமனையிலும் சுமா கடற்கரையிலும் தங்கி உயிர் மீண்ட பின், அவ்வாண்டு ஆகஸ்டு இறுதியில் சொந்த ஊரான மாட்சுயாமாவுக்கு வந்தார்.

அங்கே அவருடைய கல்லூரித் தோழர் நட்சுமே சோசெகி பள்ளி ஆசிரியராக இருந்தார். சோசெகியின் வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில் ஷிகி குடிபுகுந்தார். நாள்தோறும் உள்ளூர் அன்பர்கள் ஹைக்கூ பயில வந்து கூடினர். மேல்தளத்தில் படிக்க முயன்ற சோசெகி, இரைச்சல் தாளாமல் இறங்கிவந்து தாமும் எழுதத் தொடங்கினார். தீயில் வாட்டிய விலாங்கு மீனை வரவழைத்து உண்டு, அதற்குரிய தொகையை நண்பர் தலையில் கட்டிவிட்டு ஷிகி புறப்பட்டுப் போனதைச் சோசெகி பிற்காலத்தில் நகைச்சுவையோடு நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த ஐம்பத்திரண்டு நாள்களில் ஷிகி ஐந்துமுறை ஊர்ப்புறம் உலாவச் சென்று, வழியில் கண்டவற்றைப் பாடல்களாக ஓர் ஏட்டில் குறித்தார். அவர் தாமே நடந்து திரியக் கூடிய நாள்கள் அப்போது முடிவை நெருங்கிக்கொண்டிருந்தன.

மறுத்த மாணவர்

தோக்கியோ திரும்பிய ஷிகி, 1895 டிசம்பரில் தம் அன்புக்குரிய மாணவர் தகஹாமா கியோஷியைத் தோகான்யாமா என்னும் மேட்டுக்கு அழைத்துச் சென்றார். ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்து, தமக்குப்பின் தம் பணியை ஏற்று நடத்த வேண்டும், அதற்காக ஆழ்ந்து கற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். இருபத்தோரு வயதான கியோஷி, அந்தச் சுமையைத் தம்மால் ஏற்க இயலாது என்று கூறிவிட்டார். தம் வாழ்நாள் குறுகியது என்றறிந்த ஆசிரியருக்கு அது பேரிடி.

எனினும் ஷிகி அவரைக் கைவிடவில்லை. அவரும் ஷிகியை விட்டு விலகவில்லை. 1897இல் மாட்சுயாமாவில் யானகிஹாரா கியோகுதோ தொடங்கிய 'ஹொதொதொகிசு' இதழை, 1898இல் தோக்கியோவுக்குக் கொணர்ந்து நடத்தும் பொறுப்பை ஏற்றவர் அதே கியோஷிதான். வற்புறுத்தியபோது ஏற்காத பொறுப்பை அவர் தாமே விரும்பி வந்து ஏற்றார். மாணவர்களை வளர்க்கும் பெரியோர் அனைவரும் நினைவில் கொள்ளத்தக்க நிகழ்ச்சி இது.

வாசகரின் ஒருநாள்

1898இல் டாங்கா என்னும் பழைய செய்யுள் வகையைச் சீர்திருத்த வேண்டிக் கடித வடிவில் பத்துக் கட்டுரைகள் எழுதிப் பெரும் புயலை எழுப்பினார். அதன் பயனாக நெகிஷி வீட்டில் டாங்காக் கவிஞர்களும் கூடலாயினர். பால் பண்ணை நடத்திய இதோ சாச்சியோ, சிற்றூர்க்காரரான நகட்சுகா தகாஷி போன்றோர் அவ்வழி வந்த மாணவர்கள். ஆசிரியரைவிட மூத்தவர் சாச்சியோ. கற்பதற்கு அவ்வயது வேறுபாடு தடையாகவில்லை.

1900ஆம் ஆண்டில் ஷிகி உரைநடைப் பக்கம் திரும்பினார். பார்த்ததைப் பார்த்தவாறே, அலங்காரச் சொற்களைத் தவிர்த்து, படிப்பவர் கண்முன் நிற்குமாறு எழுத வேண்டும் என்று 'நிப்பொன்' இதழில் விளக்கினார். அவர் படுக்கையருகே மாணவர்கள் கூடித் தத்தம் உரைநடையை வாய்விட்டுப் படித்துக் காட்டும் வழக்கம் உண்டாயிற்று. எளிய நிகழ்ச்சியே ஆனாலும் கட்டுரையில் ஒரு 'மலை', அதாவது உயர்ந்து நிற்கும் ஓரிடம், இருத்தல் வேண்டும் என்பது அவர் விதி. அதனால் அக்கூட்டத்திற்கு 'மலைக் கூட்டம்' என்றே பெயர் வழங்கியது.

அதே ஆண்டில் 'ஹொதொதொகிசு' இதழ் தன் வாசகர்களையே எழுத அழைத்தது. ஒரு நாளின் நிகழ்ச்சிகளை எழுதுங்கள். ஒரு வாரத்து நாட்குறிப்பை எழுதி அனுப்புங்கள் என்பதே அழைப்பு. புலமை வேண்டியதில்லை, அரிய நிகழ்ச்சியும் வேண்டியதில்லை. எழுந்தது, உண்டது, வேலைக்குப் போனது, மழை பெய்தது, யாரோ வந்து போனது ஆகியவை போதும். எழுத்தாளர் என்று தம்மை ஒருபோதும் எண்ணிப் பாராதவர்களின் வாழ்க்கை அச்சில் ஏறியது. இலக்கியம் படித்தவர்களுக்கு மட்டுமே உரியது என்னும் மதில் அங்கே சிறிது சரிந்தது.

ஆறடிப் படுக்கை

இவையெல்லாம் நடந்தபோது ஷிகியின் நிலை என்ன? 1896 முதலே காசநோய் முதுகெலும்பைத் தாக்கியிருந்தது. முதுகில் புண்கள் திறந்து சீழ் வடிந்தது. நாள்தோறும் கட்டு மாற்றும்போது அவர் அலறுவது அண்டை வீட்டார்க்கும் கேட்கும். 1899 இறுதியில் கியோஷியின் முயற்சியால் காகிதக் கதவு நீங்கிக் கண்ணாடிக் கதவு பொருத்தப்பட்டது. அதன் வழியே தெரிந்த சிறு தோட்டமே அவர் உலகம். கோழிக்கொண்டைப் பூவும், மழையும், வந்தமரும் பறவையும் அவர் நூலகம்.

1901 ஜனவரி 16 முதல் ஜூலை 2 வரை, 'ஒரு துளி மை' என்று பொருள்படும் தலைப்பில் 'நிப்பொன்' நாளிதழில் நாள்தோறும் ஒரு சிறு பகுதி எழுதினார். 168 நாள்களில் 164 பகுதிகள் வந்தன. தவறியவை நான்கே நாள்கள். அவ்வாண்டு செப்டம்பரில் அச்சுக்கு அல்லாத ஒரு தனி நாட்குறிப்பும் தொடங்கினார். ஒவ்வொரு வேளையும் என்ன உண்டார், எத்தனை கிண்ணம் உண்டார், எப்போது கட்டு மாற்றினர் என்பதெல்லாம் அதில் உள்ளன. இரவும் பகலும் தம்மைப் பேணிய தங்கை ரிட்சுவைக் கடிந்து எழுதிய பக்கங்களும் உள்ளன. அவள் இன்றித் தாம் ஒரு நாளும் வாழ இயலாது என்று ஒப்புக்கொண்ட பக்கங்களும் உள்ளன. அக்டோபர் 13ஆம் நாள், வீட்டில் தனித்திருந்தபோது, அருகிலிருந்த சிறு கத்தியையும் துளையூசியையும் கண்டு உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணம் எழுந்ததை மறைக்காமல் எழுதி, அவ்விரு பொருள்களையும் வரைந்தும் வைத்தார். தம்மை உயர்த்திக் காட்டும் முயற்சி அந்த ஏட்டில் எங்குமில்லை. பூவை எழுதிய அதே கண்ணால் தம்மையும் பார்த்தார்.

1902 மே 5ஆம் நாள் 'ஆறடி நோய்ப்படுக்கை' என்னும் தொடரைத் தொடங்கினார். உறையின் மீது முகவரி எழுதும் தொல்லையைத் தவிர்க்க, நாளிதழின் முகவரி அச்சிட்ட உறைகள் வேண்டுமென்று கேட்டார். அவ்வாறு கேட்பதே வாழ்நாளை மிகையாக மதிப்பதாகுமோ என்ற கூச்சம் அவருக்கு. வந்தவையோ முந்நூறு உறைகள். நாளுக்கொன்று என்றால் ஏறத்தாழப் பத்துத் திங்கள்! நூறாவது பகுதியை எழுதிய நாளில், எஞ்சிய இருநூறு உறைகளையும் இருநூறு நாள்களாக எண்ணிப் பார்த்து, வரும் ஆண்டின் பிளம் மலரைத் தாம் காண்போமா என்று ஐயுற்றார். ஒருமுறை அவருக்கு ஓய்வு தரும் நல்லெண்ணத்தால் இதழார் ஒருநாள் பகுதியை வெளியிடவில்லை. காலையில் நாளிதழைப் பிரித்து அது இல்லாததைக் கண்ட ஷிகி கண்ணீர் விட்டார். தம் அன்றாட உயிரே அதில்தான் இருக்கிறது. முழுவதும் வெளியிட இடமில்லையெனில் பாதியேனும் வெளியிடுங்கள் என்று கெஞ்சிக் கடிதம் எழுதினார்.

எழுதுகோல் பிடிக்க இயலாத நாள்களில் அவர் சொல்ல மாணவர்கள் எழுதினர். கடைசிக் கோடையில் வண்ணம் குழைத்துப் பழங்களையும் பூக்களையும் படுத்தபடியே வரைந்தார். செப்டம்பர் 17ஆம் நாள் 127ஆவது பகுதி வெளிவந்தது. 18ஆம் நாள் காலை, தங்கை பலகையைத் தாங்க, மாணவர் கவாஹிகாஷி ஹெகிகோதோ தூரிகையை எடுத்துக் கொடுக்க, மூன்று ஹைக்கூக்களை எழுதினார். சளிக்கு மருந்தாகும் நீருக்காகத் தோட்டத்தில் வளர்த்த நுரைப்பீர்க்கைப் பற்றியவை அவை. சாகும் தறுவாயிலும் எதிரே தெரிந்த கொடியைத்தான் எழுதினார். 19ஆம் நாள் நள்ளிரவு கடந்து உயிர் பிரிந்தது. அகவை முப்பத்தைந்தும் நிரம்பவில்லை. அச்சிட்ட உறைகளில் பாதிக்கு மேல் மிஞ்சின.

விளைந்தவை

ஷிகி எழுதிய ஹைக்கூக்கள் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவை. அவற்றுள் மிகப்பல வெறும் பயிற்சிகள் என்பதை அவர் அன்பர்களும் மறுப்பதில்லை. உள்ளதை உள்ளவாறு எழுதினால் கவிதையாகிவிடுமா என்னும் கேள்வியும் அன்று முதல் உண்டு. தோட்டத்துக் கோழிக்கொண்டைச் செடிகளின் எண்ணிக்கையைப் பற்றி 1900இல் அவர் எழுதிய ஒரு சிறு பாடலைக் கியோஷியே தம் தொகுப்பில் சேர்க்கவில்லை. வேறு சிலரோ அதை அவருடைய தலைசிறந்த பாடல்களுள் வைத்தனர். அந்த வழக்கு நூறாண்டு கடந்தும் தீரவில்லை. நாள்தோறும் எழுதினால் நாள்தோறும் நல்ல கவிதை பிறக்கும் என்பதற்கு ஷிகியின் வாழ்வு சான்றாகாது. நல்ல கவிதை வரும்போது அதை அடையாளம் காணும் கண் அப்பழக்கத்தால் வரும் என்பதற்கு மட்டுமே அது சான்று.

மாணவர்களிடத்தில் அது பயிராய் வளர்ந்தது. 1904 டிசம்பரில் கியோஷி வழிநடத்திய மலைக் கூட்டத்தில் சோசெகியின் உரைநடை ஒன்று படிக்கப்பட்டது. 1905 ஜனவரி 'ஹொதொதொகிசு'வில் வெளியான அதுவே ஒரு பூனை தன்னைப் பற்றிச் சொல்வதாக அமைந்த அவருடைய முதற் புதினத்தின் தொடக்கம். இலண்டனில் இருந்தபோது, நோயாளி நண்பர் மகிழ அங்கே தாம் கண்ட சிறு நிகழ்ச்சிகளைக் கடிதமாக எழுதியவர் சோசெகி. இன்னொரு கடிதம் எழுதுமாறு 1901 நவம்பரில் ஷிகி வேண்டியும், அது எழுதப்படும் முன்னரே ஷிகி மறைந்துவிட்டார். அந்த வருத்தம் சோசெகியை விட்டு நீங்கவில்லை. இதோ சாச்சியோவின் புகழ்பெற்ற காதற் கதை 1906இல் அவ்விதழில் வந்தது. நகட்சுகா தகாஷி 1910இல் உழவர் வாழ்வை நாவலாக்கினார். தங்கை ரிட்சு அண்ணன் மறைந்த பின் பெண்கள் தொழிற்பள்ளியில் சேர்ந்து பயின்று, அங்கேயே தையல் ஆசிரியை ஆனார். நெகிஷி வீடு 1945இல் குண்டுவீச்சில் எரிந்தது. 1950இல் மீண்டும் கட்டப்பட்டது.

நம் வட்டத்திற்கு

தலைப்புக் கொடுத்துக் கவிதை வாங்கும் வழக்கம் நம்மிடமும் உண்டு. அதனால் நன்மையும் உண்டு. ஆனால் தலைப்புக்காகக் காத்திருக்கும் மாணவன், தன் தெருவில் தண்ணீர் வண்டிக்குக் காத்து நிற்கும் குடங்களின் வரிசையைப் பாராமலே போய்விடக்கூடும். பேருந்தில் உறங்கும் நெசவாளியின் விரலில் ஒட்டிய சாயமும், நியாய விலைக் கடைத் தராசின் ஆட்டமும், பாட்டியின் சுருக்குப்பை முடிச்சும் எவரும் தலைப்பாகத் தராதவை. அவற்றை அன்றைக்கே எழுதாவிட்டால் மறுநாள் மறந்துபோகும்.

எனவே பதினோராம் ஆண்டில் காலடி வைக்கும் நம் வட்டம், இளையோர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு குறிப்பேட்டைக் கொடுக்கலாம். நாளொன்றுக்கு ஐந்து வரி போதும். அதில் உவமை வேண்டா, நீதி வேண்டா, கண்டது இருந்தால் போதும். திங்கள் கூட்டத்தில், பரிசுக்குரிய கவிதைகளுக்கு முன்னால், அவர்கள் விரும்பும் ஒரு நாளின் குறிப்பை வாய்விட்டுப் படிக்கச் சொல்வோம். மூத்த கவிஞர்களும் தம் ஏட்டைக் கொணர்ந்து படிக்க வேண்டும். தாம் செய்யாத எதையும் ஷிகி தம் மாணவரிடம் கேட்டதில்லை.